தலைச்சுற்றலோடு வரும் முதியவருக்கு உட்செவிச் சோதனை: புதிதாகக் கற்பவர்களுக்கு

“பரணைப் பார்த்து அண்ணாந்தேன் தம்பி, வீடே சுத்திடுச்சு.” வயதான பாட்டி ஒருவர் இப்படிச் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகளோ முந்திக்கொண்டு “வயசாயிடுச்சு சார், பித்தமும் இருக்கு” என்பார்கள். பிசியோதெரபி, ஆடியாலஜி, செவிலியம் படித்துவிட்டு முதியோரைப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்கள் அந்த இரண்டாவது பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டி சொன்ன முதல் வாக்கியத்திலேயே தடயம் கிடக்கிறது. அதைச் சரிபார்க்க ஒரு கட்டில், ஒரு நாற்காலி, உங்கள் இரண்டு கைகள், அரைமணி நேரம் போதும்.

முதலில் உங்கள் மேலேயே ஒரு சோதனை

உள்ளங்கையை முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் பிடித்துக்கொண்டு ரேகைகளைப் பாருங்கள். தலையை அசைக்காமல் கையை மட்டும் இடவலமாக வேகமாக ஆட்டுங்கள். ரேகைகள் கலங்கிப் போகும். இப்போது கையை அப்படியே நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் தலையை “இல்லை” என்பதுபோல் ஆட்டுங்கள். ரேகைகள் தெளிவாகத் தெரியும்.

வேகம் இரண்டிலும் ஒன்றுதான். கை ஓடும்போது கண் அதைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, அப்புறம் துரத்த வேண்டும். அதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகிவிடும். தலை திரும்பும்போது அந்தச் செய்தியை உட்செவி கண்தசைக்குக் குறுக்கு வழியில் அனுப்பிவிடுகிறது. நடுவில் மூன்றே நரம்பணுக்கள். ஏறக்குறைய 10 மில்லிநொடிக்குள் கண் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இந்த அனிச்சைச் செயலுக்கு வெஸ்டிபுலோ-ஆக்குலர் ரிஃப்ளெக்ஸ் என்று பெயர், பேச்சு வழக்கில் வி.ஓ.ஆர். நாம் செய்யப்போகும் சோதனைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைத்தான் வெவ்வேறு விதமாகத் தட்டிப் பார்க்கின்றன. அதனால்தான் காதில் உள்ள நோயைத் தேடிக்கொண்டு கண்ணையே பார்த்தபடி இருக்கிறோம்.

ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை உணர்பவை இவை. கூடவே இரண்டு சிறு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் துகள்கள் மெத்தைபோலப் படிந்திருக்கும். தலை சாய்வதையும், நேர்கோட்டில் முன்னே பின்னே நகர்வதையும் இவை உணர்த்தும். வயதாக ஆக உணர்மயிர் அணுக்கள் குறைகின்றன, நரம்பிழைகள் குறைகின்றன, துகள்களும் பிடிப்பு விட்டு உதிர்கின்றன. உதிர்ந்த துகள் குழாய்க்குள் போய்ப் புகுந்துகொண்டால் அண்ணாந்து பார்க்கும்போதும் படுக்கையில் புரளும்போதும் உலகம் சுழலும். பரண் பாட்டியின் கதை பெரும்பாலும் இதுதான்.

“வயசு” என்ற விளக்கத்துக்கும் இன்று ஒரு அளவுகோல் உண்டு. இத்துறையின் பன்னாட்டு அமைப்பான பாரனி சங்கம் 2019-ல் முதுமை சார்ந்த உட்செவித் தளர்ச்சிக்கு, அதாவது பிரெஸ்பிவெஸ்டிபுலோபதிக்கு, வரையறை வகுத்தது. 60 வயது ஆகியிருக்க வேண்டும். தொல்லை குறைந்தது மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். இரண்டு காதுகளிலும் மிதமான குறைவு இருப்பதைக் கருவியால் அளந்து காட்டியிருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் இதைவிடப் பொருத்தமான விளக்கமாக இருக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால்தான் வயதைக் காரணமாகச் சொல்ல முடியும்.

கையை வைப்பதற்கு முன்

சோதனையில் பாதி இந்தப் பேச்சில்தான் முடிகிறது. தமிழில் “தலைச்சுற்றல்” என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து நோய்கள் ஒளிந்திருக்கின்றன. “தலை சுத்துதா?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் பதில் வரும். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, “என்ன ஆகுதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க பாட்டி” என்று கேளுங்கள். “அறை சுத்துது” என்பது ஒன்று. “கண்ண இருட்டிக்கிட்டு வருது” என்பது பெரும்பாலும் இரத்த அழுத்தம். “நடந்தா ஆளைத் தள்ளுது, உட்கார்ந்தா ஒண்ணுமில்ல” என்பது காதாகவும் இருக்கலாம், காலாகவும் இருக்கலாம். “கிறுகிறுன்னு வருது” என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறு பொருள் தரும். அதைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கிளறிக் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் எதைச் செய்தால் வருகிறது என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள். படுக்கையில் புரண்டால் சில நொடி சுழன்று அடங்குகிறது என்றால் துகள். மணிக்கணக்கில் வந்து, கூடவே காது அடைத்து இரைகிறது என்றால் மெனியர் என்ற உட்செவி நோயை நினைக்க வேண்டும். நேற்றிலிருந்து ஓயாமல் சுற்றுகிறது என்றால் அது வேறு வகை. அதற்குக் கீழே வருகிறேன்.

மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லச் சொன்னால் “வெள்ளை மாத்திரை” என்பார்கள், பை பொய் சொல்லாது. ஸ்டெமெட்டில் என்ற பெயரில் வரும் புரோகுளோர்பெரசின், சின்னாரிசின், தூக்க மாத்திரைகள் ஆகியவை அனிச்சைச் செயல்களை மந்தப்படுத்திச் சோதனை முடிவைக் குழப்பும். முதல் இரண்டையும் முதியவர்கள் மாதக்கணக்கில் தின்றால் பார்க்கின்சன் நோய் போலவே கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் வரலாம். தலைச்சுற்றலுக்காகக் கொடுத்த மாத்திரையே தள்ளாட்டத்துக்குக் காரணமாக இருக்கும் இந்த நிலையைக் கண்டால், மருந்தை நீங்களே நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோ, தீவிரத் தொற்றுக்கு ஜென்டாமைசினோ எப்போதாவது போட்டுக்கொண்டார்களா என்றும் கேளுங்கள். இவை இரண்டு காதுகளின் சமநிலை உறுப்பையும் ஒருசேர அழிக்கக்கூடியவை. இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறை சுற்றுவதே இல்லாமல் போகலாம். இருட்டில் நடக்க முடியவில்லை, நடந்தால் எதிரே உள்ளதெல்லாம் குதிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

அடுத்து, ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பாருங்கள். எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது தனிப் பிரச்சினை. பி.பி. மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இது அடிக்கடி தட்டுப்படும். காதில் ஒன்றுமே இல்லாமல் இது மட்டும் இருக்கும் முதியவர்களை நிறையவே பார்ப்பீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். பின்னால் நிற்கும் சோதனையில் இந்தத் தகவல் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது.

கழுத்தைக் கேட்காமல் தலையைத் தொடவே கூடாது. கழுத்து எலும்பு முறிவு, கழுத்து அறுவை சிகிச்சை, முடக்குவாதத்தால் தளர்ந்த கழுத்து மூட்டு, கழுத்தைத் திருப்பினால் கை மரத்துப்போவது, கழுத்துத் தமனியில் அடைப்பு என்று ஏதாவது இருந்தால் வேகமாகத் தலை திருப்பும் சோதனையும், தலையைப் பின்னால் தொங்கவிடும் சோதனையும் வேண்டாம். எதுவும் இல்லையென்றால் அவரையே மெதுவாக இருபுறமும் மேலும் கீழும் திருப்பச் சொல்லிப் பாருங்கள். அவர் தானாகத் திருப்பும் எல்லைதான் உங்கள் எல்லை.

பேச்சு குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி, உட்காரக்கூட முடியாத தள்ளாட்டம் இவற்றில் எது புதிதாக வந்திருந்தாலும் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு அனுப்பி வையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

அறையும் ஆளும்

சக்கரம் இல்லாத நாற்காலி. இரண்டு பக்கமும் நீங்கள் போய்வர இடமுள்ள கட்டில். கெட்டியான ஒரு தலையணை. வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பாத்திரம். துணைக்கு ஒருவர். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூன் விழுந்த ஒரு பெரியவரைத் தலையணை இல்லாமல் நேரே பின்னால் சாய்த்துவிட்டேன். அவர் முதுகு படுக்கையில் படுவதற்கு முன்பே தலை தொங்கிவிட்டது. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்து வலி மட்டும் ஒரு வாரம் இருந்தது அவருக்கு. இன்று வரை தலையணை கையில் இல்லாமல் யாரையும் நான் சாய்ப்பதில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. கொண்டை போட்டிருந்தால் தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் தலை படுக்கையில் சரியாகப் படியாது. தலை நிறைய எண்ணெய் என்றால் கை வழுக்கும், ஒரு மெல்லிய துண்டைப் போட்டுப் பிடியுங்கள். கழன்று ஆடும் பல்செட் இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லலாம். காது கேட்காதவரிடம் எதிரே உட்கார்ந்து, உதடு தெரியும்படி, முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், நடுவில் கத்தினால் பயந்துவிடுவார். தொடுவதற்கு முன் “தலையைப் பிடிச்சுக்கட்டுமா அம்மா?” என்று கேட்பது மரியாதைக்கு மட்டுமில்லை. கேட்காமல் பிடித்தால் கழுத்தை இறுக்கிக்கொள்வார்கள், சோதனை கெட்டுவிடும்.

படி ஒன்று: சும்மா இருக்கும் கண்

நேரே பார்க்கச் சொல்லிக் கண்ணைக் கவனியுங்கள். பிறகு உங்கள் விரலை இடம், வலம், மேல், கீழ் என்று ஏறக்குறைய 30 டிகிரி வரை நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்துங்கள். கண் ஒருபக்கம் மெதுவாக நழுவி மறுபக்கம் சட்டென்று திரும்பித் துடிக்கிறதா? அதுதான் நிஸ்டாக்மஸ். வேகமான திரும்பலின் திசையை எழுதிக்கொள்ளுங்கள். விரலை ரொம்ப ஓரத்துக்குக் கொண்டுபோனால் நல்ல கண்ணும் இரண்டு துடிப்பு துடிக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காதிலிருந்து வரும் துடிப்பு எதையாவது உற்றுப் பார்த்தால் அடங்கும். அதனால் வெளிச்சமான அறையில் தப்பிவிடும். ஃப்ரென்சல் கண்ணாடி இருந்தால் மாட்டுங்கள். அதன் கனத்த வில்லை வழியே அவரால் எதையும் உற்றுப் பார்க்க முடியாது, உங்களுக்கோ அவர் கண் பெரிதாகத் தெரியும். இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கமும் திசை மாறித் துடிப்பது, அல்லது நேராக மேலும் கீழும் மட்டும் துடிப்பது காதின் வேலையாக இருப்பது அரிது. மூளையைச் சந்தேகிக்க வேண்டும்.

படி இரண்டு: தலை உந்தல் சோதனை

1988-ல் சிட்னியில் ஹல்மாகி, கர்தாய்ஸ் என்ற இருவர் எழுதிய சோதனை இது. கருவியே வேண்டாம். ஆனால் கைக்குப் பழக நாளாகும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் அளவு நெருக்கத்தில் உட்காருங்கள். தலையை 30 டிகிரி முன்னால் குனிய வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் கிடைமட்டக் குழாய் தரைக்குச் சமமாக வரும். இரண்டு உள்ளங்கைகளாலும் தலையின் இருபக்கமும் பிடித்து, “என் மூக்கையே பாருங்கம்மா. நான் தலையை லேசா வெடுக்குன்னு திருப்புவேன். கண்ணு மட்டும் மூக்கை விட்டு நகரக் கூடாது” என்று சொல்லுங்கள். முதலில் மெதுவாகச் சில முறை திருப்பிப் பழக்குங்கள். கழுத்து இளகியதைக் கை உணர்ந்த பிறகே வேகம்.

திருப்ப வேண்டிய தூரம் 10 முதல் 20 டிகிரி மட்டும். ஆனால் சட்டென்று. பழகாதவர்கள் வேகத்துக்குப் பதில் தூரத்தைக் கூட்டிவிடுவார்கள். அதுதான் கழுத்துக்குக் கெடுதல், சோதனைக்கும் பயனில்லை. முதியவர்களுக்கு நான் எப்போதும் பக்கவாட்டிலிருந்து நடுவுக்குத்தான் கொண்டுவருவேன். அதாவது தலையை மெதுவாக ஒரு பக்கம் 15 டிகிரி திருப்பி வைத்துக்கொண்டு, அங்கிருந்து வெடுக்கென்று நேராக்குவது. கழுத்து எல்லைக்குப் போகவே போகாது. எந்தப் பக்கம், எப்போது என்று அவரால் ஊகிக்க முடியாதபடி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஊகித்துவிட்டால் கண்ணை முன்கூட்டியே நகர்த்திவிடுவார்.

இப்போது கண்ணைப் பாருங்கள். அனிச்சைச் செயல் நன்றாக இருந்தால் தலை திரும்பினாலும் கண் உங்கள் மூக்கில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். வலக் காது கெட்டிருந்தால், தலையை வலப்பக்கம் திருப்பும்போது கண்ணும் தலையோடு சேர்ந்து போய்விடும், அப்புறம் சட்டென்று மூக்குக்குத் தாவித் திரும்பும். அந்தத் தாவலுக்கு சேக்காட் என்று பெயர். எந்தப் பக்கம் திருப்பும்போது தாவுகிறதோ அந்தப் பக்கக் காதில் கோளாறு.

ஒரு முறை பார்த்ததை நம்பாதீர்கள். பக்கத்துக்கு ஐந்து ஆறு முறையாவது செய்து, எத்தனை முறை தாவியது என்று எண்ணுங்கள். முதியவர்களிடம் அவ்வப்போது தென்படும் மிகச் சிறிய தாவல் நோயில்லாதவர்களுக்கும் உண்டு. பெரிதாக, ஒவ்வொரு முறையும், ஒரே பக்கத்தில் வருவதுதான் தடயம். கண் சிமிட்டிக்கொண்டே இருப்பவரிடம் ஒரு நொடி ஓய்வு கொடுத்துச் செய்யுங்கள். இன்னொன்று: தலை திரும்பி முடிவதற்குள்ளேயே தாவிவிடும் கண்களும் உண்டு. வெறும் கண்ணுக்கு அது பிடிபடாது. ஆகவே தாவல் தெரியவில்லை என்பதற்காகக் காது நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். உடன் படித்த இருபது பேரிடம் செய்யுங்கள். கைப்பேசியில் மெது இயக்கக் காணொளி எடுத்துப் பாருங்கள். நல்ல கண் எப்படி நிற்கிறது என்பது மனதில் பதிந்துவிட்டால், கெட்ட கண் ஒரே பார்வையில் தெரியும்.

கேட்டவுடன் குழப்பும் செய்தி ஒன்று உண்டு. ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் தலைச்சுற்றலோடு, நிஸ்டாக்மஸும் உள்ள ஒருவருக்கு இந்தச் சோதனையில் தாவல் இல்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. காது நன்றாக இருக்கிறது, அப்படியானால் சுற்றல் மூளையிலிருந்து வருகிறது, பக்கவாதமாக இருக்கலாம் என்று பொருள். தலை உந்தல், நிஸ்டாக்மஸின் திசை, கண்ணை மாற்றி மாற்றி மூடித் திறக்கும்போது விழி மேலும் கீழும் நகர்கிறதா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஹின்ட்ஸ் முறை 2009-ல் வந்தது. பழகிய கையில், முதல் நாளில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைவிட அது நுட்பமாகப் பக்கவாதத்தைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் வந்து வந்து போகும் தலைச்சுற்றலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லோருக்கும் செய்து குழம்புபவர்கள் நிறைய.

படி மூன்று: தலை ஆட்டிக்கொண்டே படிப்பது

கண் மருத்துவர் அறையில் தொங்கும் எழுத்து அட்டை போதும். தமிழ் எழுத்து அட்டை இருந்தால் நல்லது, படிக்கத் தெரியாதவருக்குத் திசை காட்டும் குறி அட்டை. அவர் வழக்கமாகப் போடும் கண்ணாடியோடு, தலை அசையாமல் எந்த வரி வரை படிக்கிறார் என்று பாருங்கள். பின்னால் நின்று தலையைப் பிடித்து, நொடிக்கு இரண்டு முறை போய்வரும்படி இடவலமாகச் சிறிதாக ஆட்டிக்கொண்டே மறுபடி படிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வரி குறைவது இயல்பு. மூன்று வரியோ அதற்கு மேலோ இறங்கினால் அனிச்சைச் செயல் தளர்ந்திருக்கிறது. பேருந்தில் போகும்போது கடைப் பலகை படிக்க முடியவில்லை என்பவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். மெதுவாக ஆட்டினால் முடிவு பொய்யாக நன்றாக வரும்.

படி நான்கு: டிக்ஸ்-ஹால்பைக்

1952-ல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விவரித்த இந்தச் சோதனையைத் தலைச்சுற்றல் இல்லை என்று சொல்லும் முதியவருக்கும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். துகள் நோய் வயதானவர்களிடம் சுழலாகவே வரவேண்டும் என்றில்லை. “என்னமோ பிடிமானம் இல்லாத மாதிரி இருக்கு” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பார்கள். எழுந்திருக்கும் வேகத்தையும் புரளும் பக்கத்தையும் தாங்களே மாற்றிக்கொண்டு சமாளித்திருப்பார்கள். சாய்த்துப் பார்த்தால்தான் கண் காட்டிக்கொடுக்கும்.

வலக் காதைச் சோதிக்க: கட்டிலில் கால் நீட்டி உட்கார வையுங்கள். படுத்தால் தோள்பட்டைக்கு அடியில் வரும்படி தலையணையைப் பின்னால் வையுங்கள். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். “இப்ப படுக்க வைக்கப் போறேன். சுத்தினாலும் சில நொடியில நின்னுடும், நான் பிடிச்சிருக்கேன். கண்ணை மட்டும் மூடிடாதீங்க” என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் சாய்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், பார்க்க வேண்டியது மூடிய இமைக்குள் நடந்து முடிந்துவிடும். பிறகு ஒரே வீச்சில், முரட்டுத்தனம் இல்லாமல், பின்னால் சாயுங்கள். தலை தோளைவிட 20 டிகிரி போலத் தாழ்ந்தால் போதும்.

இப்போது பொறுமை. சில நொடிகள் ஒன்றும் நடக்காது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் “இல்லை” என்று எழுப்பிவிடுகிறார்கள். குறைந்தது 30 நொடி மனதுக்குள் எண்ணுங்கள். பின்புறக் குழாயில் துகள் இருந்தால், கண்ணின் மேல்விளிம்பு கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்று துடிக்கும், கூடவே நெற்றிப் பக்கமாகவும் துடிக்கும். ஏறி, உச்சம் தொட்டு, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எழுப்பினால் திசை மாறித் துடிக்கலாம். சாய்த்த கணமே தொடங்கி ஓயாமல் நீடிப்பதும், கீழ்நோக்கித் துடிப்பதும் வேறு கதை, மூத்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

எழுப்பும்போதுதான் விபத்துகள் நடக்கின்றன. உட்கார்ந்த அடுத்த சில நொடியில் முன்னாலோ பின்னாலோ சரிந்துவிடுவார்கள். கையை விடாதீர்கள், ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள்.

கழுத்து பின்னால் சாயாதவர்களுக்குப் பக்கவாட்டில் படுக்க வைக்கும் முறை இருக்கிறது. கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் 45 டிகிரி திருப்பிக்கொண்டு, வலத் தோள்மேல் சட்டென்று படுத்தால் வலக் காதுச் சோதனை. கழுத்து தொங்க வேண்டியதே இல்லை. கூன் உள்ளவர்களுக்கு நான் இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

இரண்டு பக்கமும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கதை மட்டும் பொருந்துகிறது என்றால், மல்லாந்து படுக்க வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, இடமும் வலமும் 90 டிகிரி உருட்டிப் பாருங்கள். கிடைமட்டக் குழாயில் துகள் இருந்தால் அதில் தெரியும்.

துகளைத் திரும்ப அதன் பைக்கே உருட்டி விடும் முறையை அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த ஜான் எப்லி 1992-ல் வெளியிட்டார். மாத்திரையால் ஆகாததைப் பத்து நிமிடத்தில் செய்யும் முறை அது. ஆனால் பழகியவர் பக்கத்தில் நிற்கும்போதே முதல் சில முறை செய்யுங்கள்.

படி ஐந்து: நிற்க வைத்துப் பார்ப்பது

காலணி இல்லாமல், பாதங்களைச் சேர்த்து, கை கட்டி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில், சற்றுப் பின்னால், இடுப்புப் பட்டையில் கை வைத்து நில்லுங்கள். கெட்டித் தரையில் கண் திறந்து, கண் மூடி. பிறகு அடர்த்தியான நுரை மெத்தையில் கண் திறந்து, கண் மூடி. ஒவ்வொன்றும் 30 நொடி. கண் மூடினால் பார்வை போயிற்று, நுரையில் நின்றால் பாதம் தரும் செய்தி கலங்கிப் போயிற்று. மிச்சம் இருப்பது காது மட்டும். நான்காவதில் மட்டும் விழப்போகிறார் என்றால் காதைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வில் இதே முறையைத்தான் பயன்படுத்தினார்கள். 40 வயதைத் தாண்டியவர்களில் 35 சதவீதம் பேரிடம் சமநிலைக் குறை தெரிந்தது.

ஆனால் முழங்கால் தேய்ந்தவர், பாதம் மரத்த சர்க்கரை நோயாளி, தொடைத் தசை வற்றியவர் எல்லோரும் இதே நான்காவதில் தடுமாறுவார்கள். அதனால் இதை மட்டும் வைத்து ஒருவரை “காது நோயாளி” ஆக்காதீர்கள். கண்ணை மூடி நின்ற இடத்திலேயே 50 காலடி எடுத்துவைத்து நடக்கவைக்கும் ஃபுக்குடா சோதனையைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முதியவர்களுக்கு அதை நான் செய்வதில்லை. ஒருநாள் ஒரு பக்கம் திரும்புவார், மறுநாள் வேறு பக்கம் திரும்புவார், நடுவில் விழுந்தும் விடுவார்.

கருவிகள் பற்றிக் கொஞ்சம்

தலை உந்தலைக் கேமரா வைத்த கண்ணாடியால் அளப்பது வி-ஹிட். கண் வேகத்துக்கும் தலை வேகத்துக்கும் உள்ள விகிதத்தைத் தரும். நல்ல காதில் 1-ஐ ஒட்டி இருக்கும். கிடைமட்டக் குழாய்க்கு 0.8-க்குக் கீழே என்றால் குறைவு என்று பலரும் கொள்கிறார்கள். இரு பக்கமும் 0.6-க்குக் கீழே போனால் இரு காதும் பழுது. அந்த முதுமைத் தளர்ச்சி வரையறையில் வரும் “மிதமான குறைவு” 0.6-க்கும் 0.83-க்கும் இடைப்பட்டது. புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, நோயில்லாதவருக்கு இந்த விகிதம் 80 வயதை நெருங்கும் வரை பெரிதாகச் சரிவதில்லை என்பது. 65 வயதுக்காரருக்கு 0.5 வந்தால் அதற்கு வயது காரணம் ஆகாது. தொங்கும் இமை கேமராவை மறைத்தால் மேலே இழுத்து மெல்லிய டேப் ஒட்டுங்கள், பட்டையை இறுக்குங்கள். விகிதம் 1.2-க்கு மேல் போனால் கண்ணாடி நழுவியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

காதில் நீர் விடும் கலோரிக் சோதனை இதைவிட மூத்தது. வியன்னாவில் ராபர்ட் பாரனி காது கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் நோயாளிகள் தலை சுற்றுகிறது என்றதைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்த ஆய்வுக்கு 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். இன்று 30, 44 டிகிரி செல்சியஸ் என இரண்டு வெப்பநிலையில் செய்கிறார்கள், உடல் வெப்பத்துக்கு ஏழு டிகிரி கீழே, ஏழு டிகிரி மேலே. முதியவருக்குச் செய்யும் முன் குறும்பியை எடுத்து, செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்தாக வேண்டும். சின்ன வயதில் சீழ் வடிந்த காது என்றால் நீருக்குப் பதில் காற்று. வெம்ப் என்ற சோதனை துகள் பைகளைப் பார்க்கும். ஆனால் 60-ஐத் தாண்டியவர்கள் பலரிடம் நோய் இல்லாமலேயே அதன் அலை மங்கிவிடும். இரு பக்கமும் இல்லையென்றால் அதை வைத்து எதையும் சொல்லாதீர்கள்.

எழுதுவதும் அனுப்புவதும்

“தலைச்சுற்றல், வயது காரணம்” என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: “தலை உந்தல் வலம், 6-க்கு 5 தாவல், இடம், இல்லை. டிக்ஸ்-ஹால்பைக் இடம், 4 நொடியில் தொடங்கி 20 நொடி, மேல்நோக்கிச் சுழற்சி. நுரையில் கண் மூடி 8 நொடி.” எதைச் செய்யவில்லை, ஏன் என்பதையும் எழுதுங்கள். “கழுத்து இறுக்கம், பக்கவாட்டு முறை மட்டும் செய்தேன்” என்ற ஒரு வரி அடுத்துப் பார்ப்பவருக்கு எவ்வளவோ உதவும். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு அவர் திரும்பி வரும்போது இந்த எண்களோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

சோதனை முடிந்ததும் கால் மணி நேரமாவது உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். எழுந்து நடக்க வைத்துப் பாருங்கள். அழைத்து வந்தவர் வெளியே பைக்கை நிறுத்தியிருப்பார், பாட்டி சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதுதான் வழக்கமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.